பழகிடும்

"கார்ல ஏறினாலே தலை வலிக்குதுடா" என்று அம்மா முதல் முறை சொன்னது போன மாசி மாதம். போனில் சொன்னாள். நான் சென்னையில் ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோம்மா" என்று சொல்லிவிட்டுப் பத்திக்குத் திரும்பிவிட்டேன்.

இரண்டாவது முறை சித்திரையில். "பெட்ரோல் வாடை அடிக்குதுடா." பின்னாலிருந்து அப்பாவின் குரல் குறுக்கே வந்தது. "பெட்ரோலும் இல்ல, மண்ணெண்ணெயும் இல்ல. தோல் நாத்தம். நாப்பத்தாறு வருஷமா இருக்கா, இன்னும் தெரியல பாரு!"

ஆம்பூரில் இது ஒரு வசதி. எந்த நாற்றம் வந்தாலும் யாரும் எழுந்து போய்த் தேட வேண்டியதில்லை. தோல் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம்.

ஆம்பூர் என்றதும் உங்களுக்குச் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் ஞாபகத்துக்கு வரும். தப்பில்லை. எங்களுக்கும் வரும். ஆனால், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி வரிசையாக இருக்கும் இந்த ஊர்களில் பிறந்தவனுக்கு முதலில் ஞாபகம் வருவது சுண்ணாம்பும் சல்ஃபைடும் பச்சைத் தோலும் கலந்த அந்த வாடைதான். அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அப்பா முப்பத்து மூன்று வருஷம் ஒரு தோல் ஷாப்பில் கணக்கு எழுதினார். (டேனரி என்பதைவிட 'தோல் ஷாப்பு' என்பதுதான் எங்கள் ஊர் வழக்கம்.) என் பி.காம். ஃபீஸ் அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்ததுதான்.

அம்மாவுக்குக் கும்பகோணம் பக்கம். 1979-ல் கல்யாணமாகி ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். பாட்டி பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னாளாம். "பழகிடும்."

அதன்பிறகு அந்த வார்த்தை அம்மாவை விடவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தபோது, 'பழகிடும்.' அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் தோலை உரித்தபோது, 'பழகிடும்.' இப்போது காரில் தலைவலி. அதற்கும் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் கையில் வைத்திருந்தது அதே மருந்துதான்.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2004 மாடல். சின்ன பெட்ரோல் கார். அப்பா பி.எஃப். லோன் போட்டு மூன்றரை லட்சத்துக்கு வாங்கினார். கம்பெனி பேர் வேண்டாம், எனக்கு அதன் மேல் எந்தப் புகாரும் இல்லை. இருபது வருஷம் உழைத்த பொருளின் மேல் புகார் சொன்னால் நாக்கு அழுகிவிடும். வேலூர் ஊரிசு கல்லூரியில் பி.காம். படித்த தோஷத்துக்கு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருமான வரிச் சட்டப்படி காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம். இருபது வருஷம் கழித்து இதன் ஏட்டு மதிப்பு பதிமூவாயிரத்துச் சொச்சம். அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

போன ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தேன். காலையிலேயே அப்பா காரைக் கழுவி, பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சூடத் தட்டோடு பானெட் பக்கம் போகிறார். கையில் தீப்பெட்டி.

"ஏங்க! கொளுத்தாதீங்க!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா கோபத்தோடு என்னைப் பார்த்தார். நான் ஏதோ சமாதானம் சொல்லப்போய், பானெட்டைத் தூக்கினேன்.

குப்பென்று மூஞ்சியில் அடித்தது. தோல் இல்லை. சந்தேகமே இல்லாமல் பெட்ரோல்.

பெட்ரோல் மைனஸ் நாற்பது டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவியாகக்கூடிய சமாச்சாரம். அந்த ஆவி காற்றைவிடக் கனம். மேலே போய்க் கலைந்துவிடாது, இடுக்கில் தங்கும், தரையோடு தவழும். புரட்டாசி வெயிலில், ஃபுல் டேங்க்கோடு, மூடின பானெட்டுக்கு முன்னால் சூடம். மேலே எழுத எனக்கே கை வரவில்லை. சூடத்தைப் பூஜை அறையிலேயே காட்டினோம்.

மறுநாள் விஜயதசமி. காரை ஸ்டார்ட் செய்ய எனக்குத் தைரியமில்லை. பைபாஸ் ரோட்டுப் பக்கம் ஷெட் வைத்திருக்கும் பாயை வீட்டுக்கே கூட்டி வந்தேன். பேர் வேண்டாம், ஊரே 'பாய்' என்றுதான் கூப்பிடும். அறுபதைத் தொட்டவர். பக்கத்தில் ஒரு பையன்.

வந்ததும் பாய் செய்த முதல் காரியம், பையனிடம், "டேய், சட்டைல நெருப்புப் பெட்டி கீதா? திண்ணையில வெச்சுட்டு வா" என்றதுதான். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். அதற்கப்புறம்தான் குனிந்தார். குனிந்தவர் டார்ச்சுகூட அடிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நாய்க்குட்டி மாதிரி மூக்கை அங்கே இங்கே கொண்டுபோனார்.

"பெட்ரோல் ஒழுகல சார். ஒழுகினா ஈரம் இருக்கும், கறை இருக்கும். இது ஆவி."

பாய் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் சும்மா இருக்காது. வெயில் பட்டால் ஆவியாகும். அந்த ஆவியை வெளியே விடாமல் ஒரு குழாய் வழியாக முன்னால் கொண்டுவந்து, ஹார்லிக்ஸ் பாட்டில் சைஸில் ஒரு கறுப்பு டப்பாவுக்குள் விடுகிறார்கள். அதற்குப் பேர் கேனிஸ்டர். உள்ளே கரி. நம் வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. வண்டி நிற்கும்போது கரி ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு என்று ஒன்று திறக்கும். இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சிக் காற்றோடு சேர்த்து எரித்துவிடும். பெட்ரோலும் மிச்சம், ஊருக்கும் நல்லது.

இவ்வளவு ஏற்பாட்டையும் இணைப்பது விரல் தடிமன் ரப்பர் குழாய்களும், அவற்றின் முனைகளில் பிளாஸ்டிக் இணைப்புகளும். இருபது வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக், அப்பளம். தொட்டால் உடையும்.

எங்கள் காரில் உடைந்திருந்தது, டேங்க்கிலிருந்து வரும் பைப்பையும் கேனிஸ்டருக்குப் போகும் ரப்பரையும் சேர்க்கும் எல்போ. எல் மாதிரி வளைந்த, சுண்டுவிரல் நீளச் சாமான். உடைந்த இடத்தில் யாரோ எம்-சீல் அப்பி, மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றியிருந்தார்கள். பெட்ரோல் ஆவியில் டேப்பின் பசை கரைந்து, பாயின் கைக்குக் கருப்பட்டிப் பாகு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது.

"யாரு சார் இந்த டாக்டரு?" என்றார் பாய்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பாவைக் காணோம். டீ குடிக்கப் போயிருந்தார்.

பிறகு விசாரித்ததில் வந்த வாக்குமூலம்: வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலன்று அப்பா காரைக் குளிப்பாட்டுவார். இந்தத் தடவை பானெட்டுக்குள்ளும் பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார். 'டப்' என்று ஒரு சத்தம். மருந்து போட்டு, கட்டும் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை. பொங்கல் தையில். அம்மாவின் முதல் போன் மாசியில். கணக்கு டேலி ஆகிவிட்டது.

அப்பா பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே வாடை தெரியவில்லை. மூக்கின் குணம் அப்படி. ஒரே வாசனை விடாமல் வந்தால் சில நிமிஷங்களில் அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அப்பா தினமும் ஓட்டுகிறவர். அம்மா வாரத்துக்கு ஒருமுறை கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ ஏறுகிறவள். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் புதுசு. தோல் ஷாப்புகளில் இதைவிடப் பயங்கரம் உண்டு. தோலிலிருந்து ரோமத்தை எடுக்கப் போடும் சல்ஃபைடு, கழிவுத் தொட்டியில் அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாறும். அதிகமானால் மூக்கையே மரக்கடித்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்பான் இறங்குகிறவன். நிருபராக இருந்தபோது அப்படித் தொட்டியில் இறங்கித் திரும்பாதவர்களின் வீட்டு வாசல்களில் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அம்மாவிடம் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

மூக்கு என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆரி ஹாகன்-ஸ்மிட். ஹாலந்தில் பிறந்து கலிபோர்னியாவில் வேலை பார்த்த வேதியியல்காரர். அவருடைய ஆராய்ச்சி அன்னாசிப் பழத்தின் வாசனை! லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தைக் கண் எரிய வைத்த புகைமூட்டத்தை, அன்னாசி வாசனையைப் பிடிக்கிற அதே முறையில் குளிரவைத்துப் பிடித்து, 1950களின் தொடக்கத்தில் குட்டை உடைத்தார். எரியாமல் தப்பிக்கும் பெட்ரோல் ஆவியும் கார் புகையும் வெயிலில் வெந்துதான் இந்த மூட்டம் வருகிறது என்றார். எண்ணெய்க் கம்பெனிகள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களுக்குள் அந்தக் கரி டப்பா வந்து உட்கார்ந்துவிட்டது. பிற்பாடு அங்கே ஆவி கசிந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் ஏற்பாடும் வந்தது. எங்கள் 2004 மாடலில் அந்த விளக்கு கிடையாது. அம்மாதான் விளக்கு.

இதில் இன்னொரு வேடிக்கை. இந்த எட்டு மாதத்துக்குள் கார் புகைச் சோதனைக்குப் போய் 'பாஸ்' என்று சர்டிபிகேட்டும் வாங்கி வந்திருக்கிறது! யாரும் மோசடி செய்யவில்லை. அங்கே குழலை நுழைத்துப் பார்ப்பது பின்னால் இருக்கும் சைலன்ஸரில். முன்னால் பானெட்டுக்குள் ராப்பகலாகக் கசிவதை அளக்க அங்கே கருவியே இல்லை. பெட்ரோலில் பென்சீன் என்று ஒரு பொருள் இருக்கிறது, புற்றுநோய் தருவது. அதனால்தான் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி. அந்த ஒரு சதவீதத்தில் அம்மாவின் பங்கு எவ்வளவு என்று எந்த சர்டிபிகேட்டிலும் கட்டம் இல்லை.

கட்டம் என்றதும் அப்பாவின் கணக்குப் புத்தகம் ஞாபகம் வருகிறது. 1996 ஆகஸ்ட் 28. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் பாழாக்கிய தோல் தொழிற்சாலைகள்தான் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும், 'மாசு செய்தவனே பணம் கட்டு' என்று இந்தியாவுக்கே வழிகாட்டிய தீர்ப்பு. வட ஆற்காடு உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம். நான் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் பத்தாயிரத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அப்பா ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் 'பல்வகைச் செலவுகள்' என்று எழுதினார். வேறு தலைப்பு புத்தகத்தில் இல்லை.

சரி, பாயிடம் வருவோம்.

இதற்கிடையில் அவசரத்துக்கு ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டிருந்தேன். அந்த எல்போ தனியாக வராதாம். கேனிஸ்டர், குழாய் எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டுமாம். ஏழாயிரத்து எண்ணூறு. அதுவும் இருபது நாள் கழித்து, 'ஸ்டாக் வந்தா'. காரின் ஏட்டு மதிப்பில் பாதிக்கு மேல்!

பாய் சிரித்தார். "சார், ஷூ ஃபேக்டரி இருக்கிற ஊர்ல இதுக்கா பஞ்சம்?"

எனக்குப் புரியவில்லை. ஷூ தைக்கிற, ஒட்டுகிற, அழுத்துகிற மெஷின்களில் பாதி காற்றழுத்தத்தில் ஓடுகிறவை. அதற்கான பித்தளை ஜாயின்ட், எல்போ, டீ எல்லாம் பஜார் ஹார்டுவேர் கடைகளில் டப்பா டப்பாவாகக் கிடக்கும். சைஸ் பார்க்க பாய் ஸ்கேல் எடுக்கவில்லை. டிரில் பிட்டுகளை ஒவ்வொன்றாக ரப்பருக்குள் விட்டுப் பார்த்தார். எட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. பையன் சைக்கிளில் போய் எட்டு எம்.எம். பித்தளை எல்போவோடு வந்தான்.

ரப்பருக்குள் உடைந்த பாதி மாட்டிக்கொண்டிருந்தது. நான் திருகி இழுக்கப் போனேன். "ஐயோ சார், வேணாம்!" என்று கையைத் தட்டிவிட்டார். திருகினால் கேனிஸ்டரின் மூக்கும் கூடவே உடையும். அப்புறம் ஏழாயிரத்து எண்ணூறுதான் கதி. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்து, ரப்பர் இளகினதும் பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தெடுத்தார். நெருப்பு கிட்டவே வரவில்லை.

"பழைய ரப்பரையே வெட்டிப் போட்டுடலாமே பாய்?"

அவர் பதில் சொல்லாமல் ரப்பரை மடக்கிக் காட்டினார். வளைவில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. "எல்போவுக்கு இருபது வயசுன்னா இதுக்கும் அதே வயசுதானே சார்? ஒண்ண மட்டும் மாத்துனா ஆறு மாசத்துல மறுபடி வருவீங்க. எனக்கு யாவாரம்தான். அம்மாவுக்கு?"

அந்த 'அம்மாவுக்கு?' என்னை எங்கேயோ குத்தியது.

குழாயிலும் விஷயம் இருக்கிறது. தண்ணி டியூப், மீன் தொட்டி டியூப் எல்லாம் போடக்கூடாது. பெட்ரோல் ஆவி பட்டால் ஊதிப்போகும், இல்லையென்றால் விறைத்து வெடிக்கும். பெட்ரோலுக்கென்றே வரும் குழாய், உள்ளே நைட்ரைல் மாதிரியான ரப்பர் இருக்க வேண்டும். இப்போது அதிலும் எத்தனால் தாங்குமா என்று பார்த்துத்தான் பாய் வாங்குகிறார். 2023-ல் அறிமுகமாகி 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சில பழைய வண்டிகளில் இருபது, முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்கள் சிலவற்றை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025-ல் சொன்னது. செலவு அதிகமில்லை என்றும் சொன்னது. செலவு அதிகமில்லைதான். யாராவது பானெட்டைத் திறந்து பார்த்தால்!

புது ரப்பர், பித்தளை எல்போ, இரண்டு பக்கமும் கிளிப். "கிளிப்ப மொறச்சுக்கிட்டு டைட் வைக்கக்கூடாது சார். ரப்பர் பிதுங்குற வரைக்கும் போனா அறுத்துடும்." பிறகு ஒரு முனையை விரலால் மூடச் சொல்லி, மறுமுனையில் சைக்கிள் பம்ப்பால் மெதுவாக இரண்டு அடி. இணைப்பின் மேல் ஷாம்பு நுரை. குமிழி வரவில்லை. பர்ஜ் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தார். கரன்ட் இல்லாதபோது அடைத்துக்கொண்டிருக்க வேண்டும், அடைத்தது.

போகும்போது அப்பாவைப் பார்த்து, "ஐயா, பங்க்ல எப்புடி போடுவீங்க?" என்றார்.

"ஃபுல். கன்னு 'டக்'னு நின்னப்புறம் ரவுண்டா வர்ற மாதிரி இன்னும் கொஞ்சம் போடச் சொல்வேன்." முப்பத்து மூன்று வருஷக் கணக்குப்பிள்ளை. சில்லறை அவருக்கு ஆகாது.

"அந்தக் கொஞ்சம்தான் ஐயா வெனை. டேங்க் கழுத்து வரைக்கும் ரொம்பிட்டா, ஆவி வர்ற வழியில பெட்ரோலே வந்துடும். கரி நனைஞ்சா டப்பா காலி. 'டக்'குனா நிறுத்திடுங்க. தொள்ளாயிரத்து எழுபத்தி மூணுன்னா எழுபத்தி மூணு."

அப்பா தலையாட்டினார். ரொம்பக் கஷ்டப்பட்டு ஆட்டினார்.

எல்போ அறுபது, குழாய் ஒரு மீட்டர் நூற்றெண்பது, நாலு கிளிப் அறுபது, கூலி இருநூற்றைம்பது. ஐந்நூற்றைம்பது ரூபாய். அறுநூறாகக் கொடுத்தேன். பாக்கியைப் பையனுக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நல்ல வெயில் பார்த்து, கார் மத்தியானம் முழுக்கத் தெருவில் வெந்ததும் சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். வேலூர் ஜலகண்டேஸ்வரர் கோயில். அப்பா ஓட்டினார். நான் பின்னால். வழியில் யாரும் வாடையைப் பற்றிப் பேசவில்லை. பள்ளிகொண்டா டோல்கேட் வந்தது. ஜன்னலை இறக்கி ஏற்றியபோது அப்பா கண்ணாடி வழியாக அம்மாவைப் பார்த்தார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பார்த்தார்.

"என்ன, தலை வலிக்குதா?"

"இல்ல."

"வாடை வருதா?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். ஜன்னலுக்கு வெளியே பாலாறு மணலும் முள்ளுமாகக் கூடவே வந்துகொண்டிருந்தது.

"ம். வருது" என்றாள். "இப்பத்தான் தோல் நாத்தம் சுத்தமா தெரியுது."